மூன்று நெருப்பம்புகளும் ஒரு பொய்யும்

தன் சாவைத் தள்ளிப்போடக்கூட விதியை மீறாத மனிதர் இந்தக் குடாநாட்டிலேயே ஒருவர்தான். நாங்கள் அவரை ‘ஒருக்கா அண்ணை’ என்போம்.

மயிலிட்டியில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவர். ஞாயிறு பின்னேரங்களில், நல்லூரில் நான் ஆங்கிலம் படிப்பிக்கும் ரியூசன் கொட்டகைக்கு மண்ணெண்ணெய் மணக்க வந்துவிடுவார். அவரும் நானும், முன்பு என்னிடம் படித்து இப்போது வேலைக்குப் போகும் இருவரும் மேசையைச் சுற்றி இருந்து பகடை உருட்டி விளையாடுவோம். ஆளுக்கொரு பாத்திரம். நான் மந்திரவாதி, அவர் வாள்வீரன். அந்த இருவரில் ஒருவனான கஜன், ஆங்கில விதிப்புத்தகம் ஒன்றை வைத்துக் கதையை நடத்துவான்.

என் மந்திரவாதி ஒரே மந்திரத்தில் மூன்று நெருப்பம்பு விடுவான். அவனுடைய கைத்தடி அந்தச் சேதத்துக்குப் போனசாக ஐந்து கூட்டும். அம்புக்கு ஐந்தா, மந்திரத்துக்கு ஐந்தா?

“மந்திரத்துக்கு ஒரு தடவை, ஒருக்காத்தான் சேர்!” என்று மேசையில் குத்துவார்.

எங்கும் இதே கணக்குத்தான். கோயிலை மூன்று முறை சுற்றிவிட்டு, “சுத்துக்குச் சுத்து புண்ணியமோ, மொத்தமா ஒருக்காவோ?” என்று ஐயரைக் கேட்டவர். அவரைக் கண்டால் ஐயர் இப்போதும் மூலஸ்தானத்துக்குள் போய்விடுகிறாராம்.

ஒருநாள் பூதமொன்று அவருடைய வீரனை அடித்து வீழ்த்தியது. அடுத்த அடியில் வீரன் செத்துவிடுவான். பூதத்துக்கு இன்னும் இருபது புள்ளி உயிர். என் மூன்று அம்பும் பட்டுப் பத்துப் புள்ளி. ஒரு போனஸ் என்றால் பதினைந்து; மூன்று என்றால் இருபத்தைந்து.

“ஒருக்காத்தான். நான் சாகிறன்,” என்றார் அண்ணை.

“சேர், புத்தகத்தைப் பாருங்கோவன்,” என்றான் கஜன்.

பார்த்தேன். ‘ஒரு மந்திரத்துக்கு ஒரு தடவை’ என்று ஆங்கிலத்தில் பளிச்சென்று இருந்தது. அவரைக் காப்பாற்றவேண்டும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. என்னிடம் படித்தவர்களுக்கு முன்னால் அவரிடம் மறுபடி தோற்க மனமில்லை.

“ஒவ்வொரு அம்புக்கும் எண்டுதான் கிடக்கு,” என்றேன்.

அண்ணை எழுந்து நின்றார். “என்ரை இங்கிலீசு காணாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்.”

பூதம் விழுந்தது. பெடியள் கைதட்டினார்கள். என் காது இரண்டும் கொதித்தன.

இரண்டு ஞாயிறு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, மற்றவர்கள் வருமுன் அண்ணையை வாசல் படலையடியில் பிடித்துச் சொன்னேன்.

“தெரியும் சேர். அண்டைக்கே வீட்டை போய் அந்த வரியை அகராதி வைச்சுப் பாத்தனான்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“உங்களிட்டைப் படிச்சவை பக்கத்திலை இருந்தவை. அதுக்குள்ளை என்னண்டு சொல்லுறது?” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “ஆனா என்ரை ஆள் செத்தவன் சேர். ரெண்டு கிழமையாப் பிணத்தை வைச்செல்லோ விளையாடுறன்!”

உள்ளே போய் மற்ற இருவருக்கும் நானே சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். அண்ணை மட்டும் பெரிய நிம்மதியோடு தன் வீரனின் தாளைக் கிழித்துப்போட்டார். பிறகு புதுத்தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“புது ஆளுக்கு இங்கிலீசிலை நல்ல பேரா எழுதுங்கோ சேர்.”

நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. குனிந்தபடி அவருடைய சொந்தப் பெயரை எழுதினேன்.