உட்கார்ந்த இடத்திலேயே விளக்கம்

எதையும் விளக்கிவிடுகிற மனிதர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் தெரிந்தவர்தான். பேய், பிசாசு, பறக்கும் தட்டு என்று யாராவது பேச்செடுத்தால் போதும், அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் இவர் காரணத்தைச் சொல்லி முடித்திருப்பார். வானத்தில் வெளிச்சமா? வெள்ளிக் கிரகம். நகர்கிறதா? பலூன். பரணில் சத்தமா? எலி. எலி இல்லையா? காற்று. காற்றும் இல்லையென்றால் உங்களுக்குத் தூக்கம் போதவில்லை. அவ்வளவுதான்!

ஒரு நாள் மாலை மச்சினன் மொட்டை மாடியிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அத்தான், வானத்துல என்னமோ பச்சையா மின்னுது. வந்து பாருங்களேன்!"

"வெள்ளிடா" என்றார் இவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"வானம் பூரா மேகமா இருக்கு அத்தான்."

"மேகத்துக்குப் பின்னாடி இருக்கும்."

இவர் சொல்வது தப்பா? இல்லை, அதுதான் கொடுமை. பத்தில் ஒன்பது தடவை அது வெள்ளியாகவோ பலூனாகவோ எலியாகவோதான் இருந்து தொலைக்கும். அதை மாடியேறி, டார்ச் அடித்து, பரண் தூசியில் தும்மிக் கண்டுபிடிப்பவர்கள் மற்றவர்கள். பெயர் மட்டும் இவருக்கு.

ஆபீசில் இவர் ஒரு பிரிவுக்குத் தலைவர். இவருடைய அறைக்கு நேர் மேலே ரெக்கார்டு அறை. அதைப் பார்த்துக்கொள்கிற பெண்மணியை எல்லோரும் அக்கா என்பார்கள். அவர் ஒரு நாள் விண்ணப்பத்தோடு இறங்கி வந்தார்.

"சார், என் சக்கரம் வச்ச சேர் தானா நகருது. மேஜைகிட்ட விட்டுட்டுச் சாப்பிடப் போனா, வர்றதுக்குள்ள ஜன்னல் மூலைல போய் நிக்குது. தனியா உக்காரப் பயமா இருக்கு. வேற ரூம் குடுங்க."

"காத்தும்மா."

"ஜன்னல் சாத்தியிருக்கு சார்."

"இடுக்கு வழியா வரும்."

விண்ணப்பத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் 'காற்று' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அக்கா திரும்ப மாடியேறினார்.

டைப்பிஸ்ட் விடவில்லை. "சார், அது பழைய பெரிய கிளார்க்கோட ஆவி."

"அவர் ரிட்டயர்தானேய்யா ஆனாரு? உயிரோட இருக்காரே!"

"மனசு இங்கதானே சார் கிடக்கு!"

ஒரு வாரம் இந்த விவாதம் நடந்தது. இருவரும் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவே இருந்தவை பதினேழு படிகள். ஒருவராவது ஏறினாரா? விவாதத்தின் நடுவே தினமும் மேலிருந்து கொஞ்சம் வெள்ளைப் பொடி நம்மவரின் காபியில் உதிரும். "பல்லி" என்று சொல்லி டம்ளரை மூடிக்கொள்வார்.

ரெக்கார்டு அறைக் கதவைச் சரிசெய்யத் தச்சர் வந்தார். அக்கா நாற்காலிக் கதையைச் சொன்னார். தச்சருக்கு அதைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் இல்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தரையில் வைத்தார். அது உருண்டு ஜன்னல் மூலைக்குப் போனது. எடுத்து வந்து இன்னொரு தடவை வைத்தார். மறுபடியும் போனது.

"பேயும் இல்லக்கா, காத்தும் இல்ல. தரை இறங்கியிருக்கு. இந்த மூலைல இவ்வளவு ஃபைலை யார் அடுக்கினது? ஆமா, இதுக்குக் கீழ யாரு உக்காந்திருக்கா?"

இருவரும் கீழே ஓடினார்கள். கூரையில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல். அதற்கு நேர் கீழே காபி டம்ளர். டம்ளருக்குப் பின்னால் நம்மவர்.

"சார், மெதுவா எந்திரிச்சு வெளிய வாங்க" என்றார் தச்சர்.

"எதுக்கு?"

"மேல பாருங்க சார்!"

பார்த்தார். அந்த அறையில் உட்கார்ந்த பதினோரு வருடத்தில் முதல் தடவையாக மேலே பார்த்தார். டம்ளரைக்கூட எடுக்காமல் வெளியே வந்தார்.

வராந்தாவில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தார். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, பேயெல்லாம் கிடையாது, சாதாரணக் காரணம்தான்னு."

"சொன்னீங்க சார்" என்றார் அக்கா. "எழுதியே குடுத்தீங்களே! இப்பவாவது வேற ரூம் கிடைக்குமா?"

"ரெண்டு ரூம் பார்க்கணும்மா."

சிரித்துவிட்டீர்களா? சிரியுங்கள். ஆனால் நாற்காலி நகர்கிறது என்று படித்த உடனேயே, "தரை சரிவா இருக்கும், அவ்வளவுதான்" என்று உட்கார்ந்த இடத்திலேயே தீர்ப்புச் சொன்னீர்களே, அப்போது உங்கள் தலைக்கு மேலே ஒரு தடவையாவது பார்த்தீர்களா?