அத்தானுக்கு முதல் பந்தியில் இலை போட வேண்டாம்

நாகர்கோவில்,
7-5-1954

அன்புள்ள அண்ணன் யேசுதாசன் அவர்களுக்குத் தங்கை சத்தியபாய் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உங்கள் அத்தானும் சுகம். எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற வாக்கியம்தான். இந்த முறை மெய்யாகவே எழுதுகிறேன். மைனியையும் உங்கள் மகள், கல்யாணப் பெண் கிரேசியையும் நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

கிரேசியின் கல்யாணத்தில் பெண்ணுக்கு மாமா என்ற முறையில் உங்கள் அத்தானை முதல் பந்தியில், மயிலாடிச் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். மரியாதைக்கு நன்றி. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தால், இரண்டு வருஷமாக அவர் காப்பாற்றி வருவது ஒரே மத்தியானத்தில் போய்விடும். நீங்கள் கொழும்பிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறீர்கள், நடந்தது தெரியாது. ஆகவே விவரமாக எழுதுகிறேன்.

முன்பு அவர் எப்படி இருந்தார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பந்தியில் பிரதமன் பாயசம் விளம்புகிறவர்கள் அவர் இலைக்கு முன்னால் வாளியை இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள். எப்படியும் அங்கேயே நிற்கவேண்டியவர்கள்தானே. பிறகு ஒருநாள் கோர்ட்டுப் படியில் ஏறமுடியாமல் பாதியில் நின்றுவிட்டார். டாக்டருடைய தராசில் ஏற்றினால் முள் கடைசி மூலையில் போய் ஒட்டிக்கொண்டு அதற்கு மேல் சொல்ல மறுத்தது. கோட்டாற்றுச் சந்தையில் மூட்டை நிறுக்கிற தராசுக்கு அழைத்துப் போனேன். நிறுத்தவர், "வக்கீல் சாரே, சாக்குக்க எடைய கழிக்கணுமா?" என்று கேட்டார். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இந்த உடம்பை இருதயம் வெகுநாள் சுமக்காது, வருகிற கிறிஸ்துமஸுக்குக்கூட நான் உறுதி சொல்லமாட்டேன் என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார்.

அவர் இளைத்ததை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். பயந்த மனிதன் எவனும் இளைப்பான். காலையில் கஞ்சியும் பயறும், கோர்ட்டுக்கு நடை, இரவில் ரசமும் ஒரு கை சோறும் என்று இருந்து ஒரு வருஷத்தில் பாதி ஆளானார். நான் சென்னையில் போய் விஞ்ஞானம் படித்தவள்; இளைத்தவர்கள் மறுபடி பெருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய பழைய சட்டைகளைப் பூச்சியுருண்டை போட்டுப் பத்திரமாகவே வைத்தேன்.

அவர் மறுபடி பெருக்கவேண்டும் என்பதில் ஊரும் முனைப்பாகத்தான் இருந்தது. நம் சித்தி மகள் ஜெயபாய் ஒரு பரணி நிறைய லேகியத்தோடு வந்து, அவரைப் பார்த்ததும் அழுதாள். "ஏட்டி, எனக்க அத்தான என்ன செய்து வச்சிருக்க? கூட்டுல அடச்ச கோழி மாதிரில்லா இருக்காரு! படிச்ச பொம்பளைய கெட்டுனா இதுதான் கதி!" என்றாள். போதகர் கோவிலில் வியாதியஸ்தர்களுக்கான ஜெபத்தில் அவர் பெயரையும் சேர்த்துவிட்டார். அதைக் கேட்ட கட்சிக்காரர் ஒருவர், தீர்ப்பு வரும்வரை வக்கீல் இருக்கமாட்டார் என்று வழக்கை வேறொருவரிடம் கொண்டுபோனார். இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது, அவருடைய குமாஸ்தா பொன்னுலிங்கத்தின் வீட்டுக் கல்யாணத்தில் நடந்தது. இரண்டாம் அகப்பைப் பிரதமன் வந்தபோது அவர் இலைமேல் கையை வைத்து மறைத்தார். பொன்னுலிங்கம் வாளியோடு நின்றபடியே கண்கலங்கி, "என்ன சாரே, எங்க வீட்டுப் பாயசத்துல என்ன கொறைய கண்டிய?" என்றார். பந்தி முழுவதும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தது. கையை எடுத்தார். எடுத்த கை மறுபடி மறைக்கப் போகவேயில்லை. பிரதமன் போய்ப் பால் பாயசம் வந்தது, போளி வந்தது, அவருக்குள் இருந்த பழைய மனிதர் எழுந்து உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. மூச்சு வாங்கியது. போயிற்று என்று நினைத்தேன்.

அடுத்த கல்யாணம் இரணியலில். பந்தி போட்டதும் அவர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார், விளம்ப வந்த ஆளிடமிருந்து வாளியை வாங்கினார். "ஓய், தள்ளி நில்லும். இந்த வரிச எனக்கு" என்றார். அண்ணா, விளம்புகிறவனைப் பார்த்து யாரும் சாப்பிடு என்று சொல்வதில்லை. விளம்புகிறவர்கள் கடைசிப் பந்திக்குத்தான் உட்காருவார்கள். அதற்குள் பிரதமன் உருளியின் அடி தெரிந்துவிடும். இருக்கிற சோற்றில் மோரை விட்டுச் சாப்பிட்டு எழுந்துவிடலாம். நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆவி முகத்தில் அடிக்க, இலைக்கு இலை குனிந்து, வேண்டாம் என்று சொன்னவர் இலையைத் தொடாமல் தாண்டி, பந்தலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தார். விரலில் பட்ட பாகை வாய்க்குக் கொண்டுபோகாமல் துண்டில் துடைத்தார். அற்புதங்களில் நான் சந்தேகக்காரி. கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீர் எப்படித் திராட்சரசமாயிற்று என்று கேட்டு ஓய்வுநாள் பள்ளியில் தண்டனையாக முழங்கால் போட்டவள். இது என் கண் முன்னால் நடந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கல்யாணத்திலும் நடக்கிறது. பழைய சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகையால் அவருக்கு இலை வேண்டாம், வாளியைக் கொடுங்கள். சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தால், தங்கை பிடிவாதக்காரி என்று என்மேல் பழியைப் போடுங்கள். கிரேசியும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முதுமைவரை வாழத் தேவன் அருள்வாராக.

உங்கள் அன்புத் தங்கை,
சத்தியபாய்

பி.கு.: தபாலில் சேர்க்கக் கொடுத்த கடிதத்தை உங்கள் அத்தான் பிரித்துப் படித்துவிட்டுத் திரும்பி வந்து நிற்கிறார். "ஏட்டி, பயந்துக்கிட்டா நான் வாளிய தூக்குனேன்னு நெனச்ச?" என்றார். பின்னே எதற்கு என்றேன். "ஒரு வாய் போட்டதும் ஆளுக்க மொகம் மாறும் பாத்தியா? எனக்க இலையில குனிஞ்சு இருந்த காலத்துல ஒரு மொகத்தையும் நான் கண்டதில்ல. அத பாக்கத்தான் தூக்குதேன். கிரேசிக்கு நான்தானே மாமன்? உக்காருவேன். ஒரு அகப்ப தின்னுட்டு எழும்புவேன்." யாராவது வாளியோடு நின்று அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வக்கீல் கடிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிடவும். அவருக்கு இலை போடுங்கள். அந்த வரிசைக்குப் பிரதமன் விளம்ப நான் வருகிறேன். ஆண்கள் பந்தியில் பொம்பளை வாளி தூக்குவதா என்று மயிலாடிக்காரர்கள் கேட்டால் கேட்கட்டும். அவர் இலையில் ஒரு அகப்பை விட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். எனக்கு அழத் தெரியாது.