எலுமிச்சம்பழம் கண்ட பத்து அமிலம்

சேலையூர் கேம்ப் ரோட்டில் அன்று பஸ் நகரவில்லை. கல்யாண மண்டபத்தில் கூட்டம், ஆனால் கல்யாணமில்லை. ஸ்ரீஸ்ரீ அமினானந்தா எழுந்தருளியிருந்தார். போன வருஷம் வரை வாஸ்து மீன் விற்ற ஷ்யாம்சுந்தர்தான். மீன்கள் செத்தன; சாமியார் பிறந்தார்.

வளர்ப்பு இறாலுக்குப் பத்து அத்தியாவசிய அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றை இறாலின் உடம்பு தயாரிக்காது. தீவனத்தைத் தின்றுதான் பெற வேண்டும். இது அறிவியல். அமினானந்தா மந்திரித்து விற்கும் தீவனச் சாக்கில் பத்தும் தாமாகவே குடியேறும். இது ஆன்மிகம். எலுமிச்சம்பழத்தை நூலில் கட்டிச் சாக்கின்மேல் தொங்கவிடுவார். பழம் சுற்றினால் பத்தும் உண்டு. நின்றால் தீவனம் பிணம். கடைத் தீவனத்தின்மேல் பழம் ஒருநாளும் சுற்றியதில்லை. என்ன முதலாளி விசுவாசம்!

ராஜாராமன் சாருக்குக் குளமும் இல்லை, தொட்டியும் இல்லை. ஆனாலும் ஒரு சாக்கு வாங்கினார். பேரனுக்கு மார்க் ஏறுமாம்.

இரும்புலியூர் ஹனீஃபாவுக்குக் குளம் இருந்தது. அதுதான் கஷ்டம். கோவளம் பக்கம் குத்தகைக்கு எடுத்தது. வேறு தீவனம் போட்டால் சக்தி ஓடிவிடும் என்று சாமியார் சொன்னதால், நல்ல தீவனத்தை நிறுத்திவிட்டார். பசித்த இறால்கள், தோல் கழற்றி மெத்தென்றிருந்த இறால்களைத் தின்ன ஆரம்பித்தன. இந்த அறுவடை போனால் குளமும் போகும். அப்படியும் மனிதர் மறுபடி வரிசையில் நின்றார்! கூடவே அவர் மனைவி நூர் பீவி, வேதியியல் டீச்சர்.

"சாமி, இதுல லைசின் எவ்வளவு இருக்கு?"

"லைசென்ஸா? பரிபூரணமாக இருக்கிறது மகளே. ரினிவலும் ஆகிவிட்டது."

"லைசென்ஸ் இல்ல, லைசின். உங்க பத்து அமிலத்துல அதுவும் ஒண்ணு."

கூட்டம் "உஷ்!" என்றது. ஹனீஃபா நெளிந்தார். "சும்மா இரு நூரு. மானம் போகுது."

"குளம் போகுதே, அது பரவாயில்லையாங்க?"

நூர் பீவி மேஜையில் மூன்று டப்பாக்களை வைத்தார். வாய்கள் துணியால் கட்டப்பட்டிருந்தன. "மூடியிருந்தா பழத்துக்குத் தெரியுமா சாமி?"

"மூன்று லோகமும் அறிந்த கனி, மூன்று டப்பாவை அறியாதா?"

முதல் டப்பா. பழம் அசையவில்லை. "பிணம்! கடைத் தீவனம்."

இரண்டாவது. லேசாக ஆடியது. "அரை உயிர். எவனோ கலப்படம் செய்திருக்கிறான்."

மூன்றாவது. பழம் கிறுகிறுவென்று சுற்றியது. "பத்தும் உண்டு! இது நம் பிரசாதம்!"

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. நூர் பீவி திரும்பினார். "ராஜாராமன் சார், டப்பாவை நிரப்பினது நீங்கதானே? எதுலேர்ந்து?"

"இப்பத்தான் வாங்கின என் சாக்குலேர்ந்து. மூணுக்கும் அதேதான்மா." ராஜாராமன் தம் கையை முகர்ந்தார். "வெறும் தவிடு. பாயச எசென்ஸ் வாசனை வேற."

கூட்டம் தன் தன் சாக்கைப் பிரித்து முகர்ந்தது. அமினானந்தாவின் செந்தமிழ் கழன்று விழுந்தது.

"இன்னாம்மா நீ! தொழில் பண்ற எடத்துல வந்து பேஜார் பண்ணிக்கினு!"

பழத்தை விட்டுவிட்டு ஓடினார். கூட்டம் துரத்தியது. ஹனீஃபா மட்டும் உட்கார்ந்துவிட்டார்.

"மிச்சமாவது பிழைக்குமா நூரு?"

"இப்பவே நல்ல தீவனம் போட்டா பிழைக்கும். எழுந்திருங்க."

பாவம், இறால்! அந்தப் பத்தையும் அதனால் சொந்தமாகத் தயாரிக்க முடியாது. வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். மனிதனின் புத்தி அப்படியா? தலைக்குள்ளேயே தயாராகிறது. ஆலையைப் பூட்டிவிட்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஏனய்யா வரிசையில் நிற்கிறீர்கள்?