சதுப்பில் சம்மணம்

வண்டி நின்றுவிட்டது. நாரிஸ் இன்னும் காலை ஊன்றவில்லை.

சதுப்புச் சேறு இரண்டு சக்கரங்களையும் அச்சு வரை கவ்விப் பிடித்திருந்ததால் வண்டி சாயவும் இல்லை, நகரவும் இல்லை. அதன்மேல் நாரிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரையில் எங்கள் க்ளப் மொத்தமும் தேநீர்க் குப்பியோடு நின்றது.

எங்கள் பந்தயத்தில் வேகத்துக்கு வேலையே இல்லை. ஆரம்பப் பலகையிலிருந்து முடிவுப் பலகை வரை ஓடை, பாறை எது வந்தாலும் காலைத் தரையில் வைக்காமல் பழைய மோட்டார் சைக்கிளை ஓட்டிக் காட்ட வேண்டும். கால் பட்டால் ஒரு தண்டப் புள்ளி, அட்டையில் ஒரு ஓட்டை. முடிவுப் பலகையைத் தாண்டிவிட்டால் காலை ஊன்றலாம், புரண்டு படுக்கலாம், கேட்பாரில்லை. நடுவில் வண்டி நின்றால்கூட எங்கள் க்ளப்பில் குற்றமில்லை. எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று மட்டும் யாரும் விதி எழுதவில்லை. ஒரு மனுஷன் இப்படி நிற்பான் என்று யாருக்குத் தோன்றும்?

நாரிஸ் அன்று காலையிலிருந்து ஒரு புள்ளிகூட வாங்கவில்லை. இதுதான் கடைசித் தடம். அவருடைய மச்சான் கிளிஃபர்ட் ஒரு புள்ளி வாங்கியிருந்தார். நாரிஸும் ஒன்று வாங்கினால் இருவரும் சமம். சமமானால் வண்டியின் வயதைப் பார்ப்போம். கிளிஃபர்டின் வண்டி அறுபத்தொன்றாம் வருஷத்தது, நாரிஸுடையது அறுபத்திரண்டு. ஆகவே கோப்பை பழையபடி கிளிஃபர்ட் வீட்டுக்கே போகும்.

பல வருஷமாக அங்கேதான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு அந்த மனுஷன் அதில்தான் கிரேவியை ஊற்றி மேஜைக்குக் கொண்டுவருவார். "கூச்சப்படாம ஊத்திக்கோ மாப்ள" என்பார். நாரிஸ் வறட்டு மாட்டிறைச்சியைத் தண்ணீர் குடித்து விழுங்குவார். அந்தக் கோப்பை தன் கைக்கு வராமல் சாகக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே வைராக்கியம்.

தடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடையில் இறங்கி, பெரிய பாறையில் ஏறி இறங்கி, அதற்கப்புறம் இந்தச் சதுப்பு. அக்கரையில் கல்சுவர், சுவரோரம் முடிவுப் பலகை. தடம் வகுத்த எங்கள் செயலாளர் ஆர்னல்ட், முந்தின நாள் பலகை நட்ட கையோடு கணுக்கால் பிசகி வீட்டில் கிடந்தார். காலையில் தடத்தை நடந்து பார்த்தபோது, படுத்த இடத்திலிருந்தே நம்மைப் பழிவாங்குகிறானே என்று மெச்சிக்கொண்டோம். எங்கள் ஆட்களுக்குத் தடம் எவ்வளவு கேவலமாக இருக்கிறதோ அவ்வளவு குஷி.

முதலில் போன கிளிஃபர்ட் மேல்தரை இறுகியிருந்தபோதே சுத்தமாகக் கடந்துவிட்டார். பின்னால் போனவர்கள் அதைக் கஞ்சியாக உழுது வைத்தார்கள். குலுக்கலில் கடைசி எண் நாரிஸுக்கு.

யாரும் தொடக்கூடாது, யோசனை மட்டும் சொல்லலாம். யோசனைக்கா பஞ்சம்? ஒருவர் முறுக்கச் சொன்னார். நாரிஸ் முறுக்கினார், பின்சக்கரம் தோண்டிக்கொண்டு இறங்கியது. இன்னொருவர் குதித்துப் பார்க்கச் சொன்னார். குதித்ததில் முன்சக்கரமும் இறங்கியது. மழை வேறு பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் கால் வைக்கும் கட்டை வரை சேறு ஏறி, நாரிஸின் பூட்ஸைத் தொட்டது. கிளிஃபர்ட் காத்திருந்தவர்போல் கையைத் தூக்கினார். தடத்துக்கு நடுவர் ஈனிட் அம்மா. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், அட்டையில் ஓட்டை போடுவதில் கை தேர்ந்தவர். மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"அவன் காலை இறக்கினானா? இல்லையே. தரை தானா ஏறி வந்து கால்ல பட்டா அது தரையோட தப்பு. உட்காரு கிளிஃபர்ட்."

ஆனாலும் நாரிஸுக்கு பயம். இரண்டு கால்களையும் மேலே இழுத்து இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டார். யார்க்‌ஷயரில் பிறந்த மனுஷன், வாழ்நாளில் சம்மணம் போட்டதில்லை. இடுப்பு முறுக்கியது. சேறு மட்டும் அசராமல் ஏறிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் எவனோ சொன்னான், பாரம் குறைந்தால் வண்டி மிதக்கும் என்று. சட்டைப் பையில் ஸ்பேனர் இல்லாமல் நாரிஸ் தூங்கக்கூட மாட்டார். கை தானாகப் போனது.

ஏழு வருஷம் அந்த வண்டியைப் புதுப்பித்தவர் அவர். எவனோ கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்திருந்த வெறும் சட்டத்தை வாங்கி வந்து, ஒவ்வொரு பாகமாகத் தேடிச் சேர்த்தார். மனைவி பெரிலின் அடுப்பில் கேக் வெந்ததைவிட பெயிண்ட் காய எஞ்சின் உறை வெந்ததுதான் அதிகம். இப்போது அதே கையால் முன் மட்கார்டைக் கழற்றிப் பெரிலிடம் வீசினார். அடுத்து எண் பலகை, அப்புறம் சைலன்சர். பெரில் ஒவ்வொன்றையும் பிடித்து மேல்கோட்டில் துடைத்து மடியில் அடுக்கினாள்.

வண்டி ஒரு விரற்கடை எழும்பிய மாதிரி இருந்தது. கூட்டம் கை தட்டியது. அந்த உற்சாகத்தில் நாரிஸ் பெட்ரோல் டேங்கையும் கழற்றி வீசிவிட்டு, ஒரே மூச்சில் கரையேறிவிடலாம் என்று கிளப்பினார். எஞ்சின் இரண்டு தரம் இருமி அணைந்தது.

டேங்க் பெரிலின் மடியில் இருந்தது.

எல்லாருக்கும் ஒரே சமயத்தில் விஷயம் புரிந்தது. சிரிக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை, கிளிஃபர்ட் ஒருவரைத் தவிர. நாரிஸ் கையை நீட்டினார். ஈனிட் அம்மா தலையை ஆட்டினார். வீசினது வீசினதுதான், திருப்பிக் கொடுத்தால் வெளியாள் உதவி.

சேறு கார்புரேட்டரை மூடியது. பெரில் டேங்கைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு கரை விளிம்புக்கு வந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"ஏங்க, கோப்பைய எங்க அண்ணன் வீட்ல போய் எப்ப வேணா பாத்துக்கலாம். இந்த வண்டி முழுகிட்டா எங்க போய் பாப்பீங்க?"

நாரிஸ் ஸ்பேனரைச் சட்டைப் பைக்குள் திருப்பிப் போட்டார். கண் கலங்கிவிட்டது, மழையில் அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். பிறகு சம்மணத்தைப் பிரித்து, மரத்துப்போன இடது காலை இறக்கினார். தொடை வரை போனது.

"போடுங்கம்மா ஓட்டைய" என்றார்.

ஈனிட் அம்மா போட்டார். கிளிஃபர்ட் பெருந்தன்மையாக வந்து, அடுத்த கிறிஸ்துமஸுக்கு வாத்துக்கறி என்று அறிவித்தார். நாரிஸுக்கு அப்படியே சேற்றுக்குள் போய்விடலாம்போல் இருந்தது.

நிலத்துக்காரர் ஆம்ப்ரோஸ் அப்போதுதான் ஆட்டுச்சந்தையிலிருந்து டிராக்டரில் திரும்பி வந்தார். யாரும் கேட்காமலே கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கி, வண்டியின் கழுத்தில் முடிச்சுப் போட்டார். போட்டுக்கொண்டே பின்னாலிருந்த பாறையைப் பார்த்தார், எதிரிலிருந்த கல்சுவரைப் பார்த்தார், எங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏன்யா, இங்க எதுக்கு வந்து விழுந்தீங்க? ஆர்னல்ட் முடிவுப் பலகைய அந்தப் பாறைகிட்டதான நட்டுட்டுப் போனாரு. ஆடுங்க முதுகு சொறிஞ்சு சாய்க்குதேன்னு விடியக்காலைல நான்தான் புடுங்கி இந்தச் சுவத்தோரம் வச்சேன்."