என்னைத் திட்ட ஒரு ஆள்

என்னை நானே கேவலமாகத் திட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன். மனசுக்குள் இல்லை. நாலு பேர் பார்க்கிற மாதிரி, எழுத்தில். ஒரு மனுஷன் ஏன் இப்படி ஒரு முடிவுக்கு வருகிறான் என்று கேட்பீர்கள். பொண்டாட்டி ஊரில் இல்லாதவனைக் கேட்டுப் பாருங்கள், சொல்லுவான்.

நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளன். கூண்டு மாதிரி ஒரு அறை, ஒரு மைக், தலையை மட்டும் ஆட்டுகிற ஒரு மின்விசிறி. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னதை அப்படியே இன்னொரு தடவையும் சொல்ல வேண்டும். முதல் தடவை யாரும் காதில் வாங்க மாட்டார்கள் என்பதுதான் எங்கள் தொழிலின் அஸ்திவாரமே. என் குரலைக் கேட்டு ஓடிவந்து வண்டி பிடித்தவர்கள் எத்தனையோ பேர். என் குரலைக் கேட்டுக்கொண்டே நின்று வண்டியை விட்டவள் ஒருத்திதான். அவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசி குத்துவதில் கெட்டிக்காரி. குத்தினதே தெரியாது என்று ஊரே சொல்லும். எனக்கு மட்டும் தெரியும். போன வருஷம் அந்தக் கூடம் வெளியூரில் ஒரு கிளை திறந்தது. "ஒரு வருஷம் நீ போய்ப் பாத்துக்கோ" என்றார் முதலாளியம்மா. அது என் மாமியார் ஊராகவும் போய்விட்டது. கேட்க வேண்டுமா? பெட்டியைக் கட்டிவிட்டாள். எப்போதாவது லீவு கிடைத்தால் வருவாள். வந்த கையோடு வீட்டைக் கழுவுவாள், அசந்து தூங்குவாள், கிளம்பிவிடுவாள்.

மற்ற நாளெல்லாம் போன்தான்.

"சாப்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"கேஸ அணைச்சீங்களா?"

"அணைச்சேன்."

"சரி, வெக்கிறேன்."

இதற்குப் பெயர் பேச்சா? பழுதாகி நிற்கிற வண்டியைப் பற்றி நான் இதைவிட அதிகம் பேசுகிறேன். அவள் குரலை இன்னும் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும் போலத் தவிப்பாக இருக்கும். ஆனால் "இன்னும் கொஞ்சம் பேசேன்" என்று கேட்க வாய் வராது. மைக்கைக் கொடுத்தால் ஊருக்கே சொல்லுவேன், கட்டினவளிடம் சொல்ல வெட்கம். கட்டிலில் அவள் பக்கத்துத் தலையணை வைத்தது வைத்தபடியே இருந்தது. நான் என் பக்கத்திலேயே ஒடுங்கிப் படுத்துக்கொள்வேன்.

பொழுது போகவேண்டுமே என்று செல்போனில் ஒரு ஆட்டத்தில் சேர்ந்தேன். ஒரு தீவு. நம் அணியும் எதிரணியும் அதில் குதிக்க வேண்டும். கிடைத்த துப்பாக்கியைப் பொறுக்கிக்கொண்டு சுட வேண்டும். ஆடும்போது பேச மைக் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்ள ஒரு குழுவும் உண்டு. எல்லாருக்கும் அங்கே புனைபெயர்தான். நான், புயல். லீவில் வந்திருந்த பொண்டாட்டி அதை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

மைக்கைக் கண்ணில் காட்டினால் என் வாய் சும்மா இருக்குமா? முதல் ஆட்டத்திலேயே கணீரென்று சொன்னேன்: "தோழர்களின் கனிவான கவனத்திற்கு. புயல் இப்போது கிணற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது." நம் அணிக்கு மட்டும் கேட்கிற மைக் வேறு, எல்லாருக்கும் கேட்கிற மைக் வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எதிரணி மொத்தமும் கிணற்றடிக்கு ஓடிவந்தது. அவர்கள் வந்து சேருவதற்குள் நான் இரண்டாம் தடவையும் சொல்லி முடித்திருந்தேன்.

அன்றைக்குக் குழுவில் குண்டூசி என்று ஒரு ஆள் எழுதினார்.

"புயலைச் சுடக் குண்டு எதுக்கு? மைக்கைப் புடுங்குங்க, தானா செத்துருவாரு."

அவ்வளவுதான். சிரிக்கிற பொம்மைகளாக வந்து கொட்டின. ஒருத்தன் என்னைச் சங்கு என்றான். இன்னொருத்தன் கோயில் மணி என்றான். மறுநாள் கிணற்றை விட்டு மரத்தின் பின்னால் ஒளிந்தேன். "மரத்துக்குப் பின்னாடி ஒரு மரம்" என்று எழுதினார் குண்டூசி. முகம் தெரியாத ஆள் சொன்னதுதான். இருந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை. குரலை வைத்துப் பிழைக்கிறவனின் குரலைச் சொன்னால் வலிக்காதா?

அன்றைக்குப் போனில் என் குரல் கம்மியிருந்தது.

"என்னங்க, ஒரு மாதிரி பேசறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஒருத்தன் என் மைக்கைப் புடுங்கணும்னு எழுதறான்."

"அடப்பாவி! எந்தக் கட்டைல போறவன் அவன்? அந்தக் குரலுக்காக நான் எத்தன பஸ்ஸ விட்டிருக்கேன், அவனுக்குத் தெரியுமா? சொல்லுங்க, மொதல்லேருந்து சொல்லுங்க."

முதலிலிருந்து சொன்னேன். சில இடங்களை இரண்டு தடவை சொன்னேன். அவள் கேட்டாள், கொதித்தாள், சமாதானம் சொன்னாள். போன் சூடாகிக் காதைச் சுட்டது. அன்றைக்கு நான் சிரித்த முகத்தோடு தூங்கினேன். அதற்கப்புறம் தினமும் குண்டூசி குத்துவார், தினமும் நான் போய்ப் பொண்டாட்டியிடம் அழுவேன். அந்த நாட்கள் பொற்காலம்.

நடுவில் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. ஊசி என்றால் நம் வீட்டு அம்மாளின் தொழிலாயிற்றே? ஒருநாள் அவளோடு பேசிக்கொண்டே அவளுடைய அம்மா வாங்கித்தந்த இன்னொரு செல்லில் குழுவைத் திறந்து வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அவள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. இந்தப் பக்கம் குண்டூசி பொரிந்து தள்ளுகிறார். சேச்சே, இவள் இல்லை. நிம்மதியாகக் கேட்டேன்.

"அத்தை என்ன பண்றாங்க?"

"உள்ள செல்லும் கையுமாத்தான். கண்ணு கெட்டுப் போகும்னா கேட்டாத்தானே."

கண் கெட்டே போனது. கண்ணில் ஆபரேஷன் என்று மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதே சமயம் பார்த்துக் குண்டூசியையும் காணோம். நான் தொடர்ந்து கிணற்றடியில் மாட்டினேன், ஏன் என்று கேட்க நாதியில்லை. வீட்டில் பழையபடி சாப்டீங்களா, அணைச்சீங்களா, வெக்கிறேன். அதற்கு நடுவில் ஒருநாள் அவள் கேட்டாள்.

"வருஷம் முடியப் போவுதுங்க. இங்கயே இருக்கியா, திரும்பிப் போறியான்னு முதலாளியம்மா கேக்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

வந்துவிடு, வந்துவிடு, இந்த வீடு வீடாகவே இல்லை என்று சொல்ல நெஞ்சு முழுக்க நிறைந்து நின்றது. வாயைத் திறந்தேன்.

"உன் இஷ்டம்."

"அப்படியா?" என்றாள். "சரி, வெக்கிறேன்."

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். அப்போதுதான் அந்த மகா யோசனை உதித்தது. குண்டூசி இல்லாவிட்டால் என்ன? என்னைத் திட்ட எனக்குத் தெரியாதா? திட்டு பலமாக விழுந்தால் இவள் பதறுவாள். பதறினால் வந்துவிடுவாள். உடனே இன்னொரு புனைபெயரில் குழுவில் நுழைந்தேன். பெயர், ஆணி. ஊசியைவிட ஒரு படி மேலே இருக்கட்டும் என்றுதான்.

என்னைத் திட்டுவது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. வார்த்தை அருவியாகக் கொட்டியது. "புயல் ஒரு வெத்துவேட்டு. புயல் ஒரு வெத்துவேட்டு" என்று ஆரம்பித்து வளர்த்துக்கொண்டே போனேன். எழுதினதை எழுத்து விடாமல் பொண்டாட்டிக்குத் தழுதழுக்கப் படித்துக் காட்டினேன்.

"இதச் சும்மா விடக்கூடாதுங்க. நானே எறங்கறேன்" என்றாள்.

சொன்னபடி இறங்கினாள். சுத்தியல் என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தாள்.

"புயலப் பத்திப் பேச நீ யாருடா?" இது சுத்தியல்.

"அவனை எனக்கு நல்லாத் தெரியும். அவனை எனக்கு நல்லாத் தெரியும்." இது ஆணி.

"என்ன தெரியும்? சொல்லு பாப்போம்."

"பால் காய்ச்சக்கூடத் துப்பில்ல. பாத்திரத்தத் தீய விட்டுட்டு அலமாரிக்கு மேல ஒளிச்சு வெச்சிருக்கான்."

"அடடே! அப்புறம்?"

"செடிக்குத் தண்ணி ஊத்த மாட்டான். பொண்டாட்டி கேட்டா ஊத்தினேம்பான்."

"அப்படியா சேதி! அப்புறம்?"

அவள் அப்புறம், அப்புறம் என்று கேட்கக் கேட்க நான் அள்ளிவிட்டேன். நமக்காக ஒருத்தி இப்படி மல்லுக்கு நிற்கிறாளே என்று கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் ஒரு சிக்கல். நான் போன் செய்தால் எடுக்கிறதில்லை. எடுத்தாலும், "இருங்க, ஆணிகூடச் சண்டைல இருக்கேன். வெக்கிறேன்."

என் பொண்டாட்டி எவனோ ஒருத்தனோடு நாள் முழுக்கப் பேசுகிறாள். அந்த எவனோ நான்தான். இருந்தும் வயிறு எரிந்தது. இந்த ஆணிப் பயலுக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்!

ஒருநாள் சாயங்காலம் சுத்தியல் கேட்டாள்: "புயலோட பொண்டாட்டி வெளியூராமே. தொல்லை விட்டுதுன்னு நிம்மதியா இருப்பானே?"

ஆணியாக இருந்தால் நியாயமாக என்ன எழுத வேண்டும்? ஆமாம், குஷியாக இருக்கிறான் என்று எழுத வேண்டும். எழுத வரவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கொடியில் என் சட்டைகள் மட்டும் தொங்கின. விரல் அதுபாட்டுக்கு அடித்தது.

"இல்ல. தேடறான். ரொம்பத் தேடறான். ரொம்பத் தேடறான்."

"அப்ப வான்னு கூப்பிட வேண்டியதுதானே?"

"கேட்டா உன் இஷ்டம்னு உளறுவான். ஊருக்குத்தான் வாய். வீட்டுல வாயில்லாப் பூச்சி. வீட்டுல வாயில்லாப் பூச்சி."

சுத்தியல் அதற்குப் பதில் எழுதவில்லை. நானும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அவள் போனும் செய்யவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அவள்! கையில் பெரிய பெட்டி, பின்னால் இன்னொரு பெட்டி, அதற்கும் பின்னால் கறுப்புக் கண்ணாடியோடு என் மாமியார்.

"எழுதிக் குடுத்துட்டேன். இனிமே இங்கதான்" என்றாள்.

அந்த வாசலிலேயே குதித்திருப்பேன், மாமியார் நின்றதால் அடக்கிக்கொண்டேன். அவள் நேராக அடுக்களைக்குப் போனாள். நாற்காலியைப் போட்டு ஏறினாள். அலமாரி மேலிருந்து கரிப் பாத்திரத்தை எடுத்தாள். அப்படியே ஜன்னலுக்குப் போய்க் காய்ந்த செடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அது வந்து..." என்றேன்.

"ஆணி சொன்னான். எல்லாத்தயும் ரெண்டு ரெண்டு தடவ சொன்னான். ஒலகத்துல எந்த ஆணிங்க அப்படிப் பேசும்?"

நான் தரையைப் பார்த்தேன். கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

"மாப்ள, ஆணி கெடக்கட்டும். அந்தக் கிணத்தடிய விட்டா ஒளிய வேற எடமே இல்லியா உங்களுக்கு?"

"கிணறு... உங்களுக்கு எப்படி அத்தை..."

பொண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீங்க என்னதான் ஆடறீங்கன்னு பாக்கத்தாங்க அம்மா சேந்தாங்க. ஆட்டம் புடிச்சுப் போச்சு. உங்க ஆட்டம்தான் புடிக்கல. அவங்கதான் குண்டூசி."

"உனக்குத் தெரியுமா? அப்ப அடப்பாவின்னு கொதிச்சது?"

"அம்மா முன்னாடி நின்னுதான் கொதிச்சேன். அவங்க சிரிச்சாங்க."

"இது அநியாயம்! ஏன் இப்படிப் பண்ணின?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "வேற என்ன பண்றது? நான் கேட்டா சாப்ட்டேன், அணைச்சேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை வந்துதா உங்க வாயிலேருந்து? அம்மா குத்தின அன்னிக்குத்தான் நீங்க எங்கிட்டப் பேசவே ஆரம்பிச்சீங்க. அந்தக் குரலக் கேக்கறதுக்கு நான் அங்க ஏங்கிட்டுக் கெடந்தேன். சரி, நடக்கட்டும்னு விட்டுட்டேன்."

நான் இங்கே ஏங்கினேன், அவள் அங்கே ஏங்கியிருக்கிறாள். நடுவில் உட்கார்ந்து மாமியார் ஆடித் தீர்த்திருக்கிறார்! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"சொட்டு மருந்து!" என்றார் மாமியார். அவள் ஓடினாள்.

அன்று முழுக்க அதே கதை. கண் ஆறுகிற வரை அம்மாவைத் தனியே விட முடியாதாம். சாப்பாடு ஆனதும் இரண்டு பேரும் படுக்கையறைக்குள் போனார்கள். ஒரு வருஷமாக நான் தொடாமல் காத்த தலையணையில் மாமியார் தலை சாய்த்தார். கட்டிலில் நான் படுக்கிற பக்கத்தில் என் பொண்டாட்டி. நான் கூடத்தில் நாற்காலியில். நடுவில் மூடின கதவு. வெளியூரில் இருந்தபோதாவது போன் செய்ய முடிந்தது.

செல்லை எடுத்தேன். குழுவைத் திறந்தேன். ஆணியாகி எழுதினேன்.

"புயல் இன்னும் தேடறான். இன்னும் தேடறான்."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. சுத்தியலிடமிருந்து பதில் வந்தது: "அம்மா தூங்கட்டும். வரேன்."

எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டேன். தலையைக் கோதிக்கொண்டேன். கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கையில் செல் இன்னொரு தடவை சிணுங்கியது.

குண்டூசி: "நான் இன்னும் தூங்கல. நான் இன்னும் தூங்கல."