சமத்துவ மந்தை

சனிக்கிழமை காலை ஆய்வகக் கதவைத் திறந்ததுமே புழு டாக்டர் குளிர்பெட்டியிடம் ஓடினார். அதன் உறுமலைக் காணோம். கையால் தட்டினார், காலால் தட்டினார், பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினார். அது நிம்மதியாகச் செத்துப் போயிருந்தது. உள்ளே நாற்பது டப்பா ஆட்டுப் புழுக்கை.

இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை இதுதான். வயிற்றில் எத்தனை புழு என்று ஆட்டைக் கேட்க முடியாது. புழுக்கையைக் கரைத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, புழு இட்ட முட்டைகளை எண்ண வேண்டும். எண்ணி எண்ணிக் கண்ணும் போயிற்று, கழுத்தும் போயிற்று. மனைவி அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டே பல காலம் ஆகிவிட்டது.

ஆனால் இந்த ஒரு மந்தை அவரைத் தூக்கி நிறுத்தியது. எந்த மந்தையிலும் நாலைந்து ஆடுகள்தான் மொத்தப் புழுவையும் சுமக்கும், மற்றவை சுகமாகத் திரியும். இவருடைய மந்தையிலோ நாற்பது ஆட்டுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. அதுவும் மாதா மாதம், இரண்டு வருடமாக. இயக்குநர் பூரித்துப் போய் 'சமத்துவ மந்தை' என்று பெயரே வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை நிபுணர் குழு வருகிறது. கடைசி நாற்பது டப்பாவையும் அவர்கள் கண் முன்னால் எண்ணிக் காட்டிவிட்டால் இவர் துறைத் தலைவர். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் ஒரு டப்பாவைத் திறக்க வேண்டாம். அந்த ஆசைதான் அவரை இத்தனை நாள் நடமாட வைத்தது.

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சூடு பட்டால் முட்டை பொரிந்துவிடும், பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. டாக்டர் ஒரு வாளியில் டப்பாக்களை அடுக்கி, மேலே ஐஸ் கட்டியைக் கொட்டி, ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"என்னங்க அது வாளியில?" என்றாள் மனைவி.

"ஆபீஸ் சாமான். ரெண்டு நாளைக்கு நம்ம ஃப்ரிட்ஜ்ல இருக்கட்டும்."

"என்ன சாமான்?"

டாக்டர் வாளியை மெல்லத் தன் பின்னால் நகர்த்தினார்.

"அதுவா?"

"மூடியெல்லாம் இறுக்கமா இருக்கும்மா."

"இருபத்திரண்டு வருஷமா உங்க சட்டையத் துவைக்கிறேன். உறவு அதோட நிக்கட்டும்."

"திங்கக்கிழமையோட எல்லாம் முடிஞ்சிரும்."

"எந்தத் திங்கக்கிழமைன்னுதான் நீங்க சொன்னதே இல்ல."

சொன்னாளே தவிர, அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாக இருந்தது. பால் பாத்திரத்தை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டுக் கீழ்த் தட்டைக் காலி செய்தாள். பிறகு வாளியைக் குனிந்து பார்த்தாள்.

"காகிதமா மிதக்குதே, அதுவும் ஆட்டோடதா?"

ஐஸ் உருகி, டப்பாவில் ஒட்டியிருந்த எண் சீட்டுகள் ஒன்றுவிடாமல் கழன்று நீந்திக்கொண்டிருந்தன. எந்த டப்பா எந்த ஆட்டுடையது என்று இனி யாருக்கும் தெரியாது. டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழக்கூடத் தெம்பில்லை.

சீட்டுகளையாவது காயவைப்போம் என்று மேஜையில் பரப்பினார். சீக்கிரம் காயட்டும் என்று அவள் மின்விசிறியைப் போட்டாள். சீட்டுகள் வீடு முழுக்கப் பறந்தன. முப்பத்தொன்பது அகப்பட்டன. நாற்பதாவதுக்காக அலமாரியை நகர்த்தியதில் அவர் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கு," என்றாள் மனைவி, இடுப்பில் தைலம் தேய்த்தபடி. "எதுலயாவது எதையாவது ஒட்டுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

பட்டிக்காரருக்குப் போன் போட்டார். மாதம் தவறாமல் நாற்பது ஆட்டிலும் புழுக்கை எடுத்து, டப்பாவில் எண் ஒட்டி, வரிசை பிசகாமல் கொண்டுவந்து வைப்பவர் அவர்தான். இத்தனை பொறுப்பான மனிதரை டாக்டர் பார்த்ததே இல்லை. அக்கா வீட்டுக்குப் போயிருந்த அவர் போனை எடுக்கவில்லை.

ஆகவே ஞாயிறு காலை, பிடித்த இடுப்போடு டாக்டரே பட்டிக்குப் போனார். தரையில் கிடப்பதைப் பொறுக்கக் கூடாது. ஆட்டைப் பிடித்து, வாலுக்கு அடியில் கையுறை விரலை விட்டு நேராக எடுக்க வேண்டும். அதை அவரே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். செய்ததுதான் இல்லை.

அவர் கையுறையை மாட்டியதுமே ஒற்றைக் கொம்புள்ள கிழட்டு ஆடு ஒன்று தானாக நடந்து வந்து, அவருக்கு முதுகைக் காட்டி நின்றது.

"உன் நம்பர் பதினேழு. முறை வரும்போது வா," என்று அதன் காதில் தொங்கிய எண்ணைப் பார்த்துச் சொல்லி ஒதுக்கிவிட்டு, ஒன்றாம் எண்ணைப் பிடித்தார். அது முழங்காலில் உதைத்தது. இரண்டாம் எண் கண்ணாடியைத் தட்டிவிட்டு மிதித்தது. மூன்றாம் எண் அவரைச் சேற்றில் கிடத்திவிட்டு, மேலே ஏறித் தாண்டிப் போயிற்று. ஒற்றைக் கொம்பு மட்டும் அவர் தலைமாட்டில் வந்து, பழையபடி திரும்பி நின்றுகொண்டது.

அப்படிக் கிடந்தபோதுதான் அக்கா வீட்டிலிருந்து திரும்பிய பட்டிக்காரர் பையோடு உள்ளே நுழைந்தார். பதறிப் போய் டாக்டரைத் தூக்கி உட்கார வைத்து, முகத்துச் சேற்றைத் தன் துண்டால் துடைத்தார்.

"என்ன சார் இதெல்லாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?"

குளிர்பெட்டி செத்தது, ஐஸ் உருகியது, சீட்டு பறந்தது, இடுப்பு பிடித்தது எல்லாவற்றையும் டாக்டர் மூச்சு வாங்கச் சொன்னார். "நாப்பது டப்பாவும் கலந்து போச்சுப்பா. எந்த டப்பாவுக்கு எந்த நம்பர்னே தெரியல. ரெண்டு வருஷ உழைப்பு."

"இதுக்கா இந்தப் பாடு," என்று ஒற்றைக் கொம்பின் முதுகை வாஞ்சையோடு தடவிக் கொடுத்தார் பட்டிக்காரர். "எந்த நம்பரை எதுல ஒட்டினா என்ன சார், ரெண்டு வருஷமா நாப்பது டப்பாவும் இந்தக் கிழவி ஒருத்தி குடுத்ததுதானே, மத்ததெல்லாம் உதைக்குதுல்ல."