இரண்டு நிமிஷ மௌனம்

அழகான கையெழுத்து உள்ள வாத்தியாரை முழுசாக நம்பக் கூடாது. பாடம் நடத்துவதைவிடப் பாடக்குறிப்பு எழுதுவதில்தான் அவருக்கு ருசி அதிகம். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. (வாத்தியாரை ‘முசே’ என்று கூப்பிடும் பழக்கம் மட்டும் போகவில்லை.) கோவில்பத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்புக்கு நான் தற்காலிக வாத்தியார். இன்ஸ்பெக்டர் வந்து என் பாடத்தைப் பார்த்து ‘திருப்தி’ என்று எழுதினால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் கல்யாணம். திருநள்ளாற்றில் பெண் நிச்சயமாகியிருந்தது. “வேல பெர்மனென்ட் ஆவட்டுங்க மாப்ள, மறுநாளே முகூர்த்தம் பாத்துடலாம்” என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் பார்க்க மாட்டார் என்பதை நான் புரிந்துகொள்ள வேண்டும்.

புத்தியுள்ளவன் கூட்டல் கணக்கைப் போட்டுக் காட்டியிருப்பான். நானோ, ‘பாடம் என்பது ஒரு கலைப்படைப்பு’ என்று பயிற்சிப் பள்ளியில் யாரோ போகிற போக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். சொன்னவருக்கே அது மறந்திருக்கும். ‘நம் ஊர் ஆறு’ என்ற பாடத்தைக் கச்சேரிபோலப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று பிரித்து, மூன்று நிற மசியில் எழுதி, ஓரமெல்லாம் பூங்கொடி வரைந்தேன். உள்ளே இப்படி இருந்தது:

பத்தேகால்: ஆறு பிறக்கும்.
பத்து இருபது: மாணவர் வியப்பர்.
பத்து இருபத்தைந்து: இரண்டு நிமிஷ மௌனம் (அழகை உணர).

ஹெட்மாஸ்டர் காதர் சாயபு அதை இரண்டு தரம் படித்தார்.

“ஜோரா இருக்கு தம்பி. புள்ளைங்க இதப் படிச்சிட்டாங்களா?”

“அவங்க எதுக்குங்க படிக்கணும்?”

“அவங்கதானே வியக்கணும்? சரி, அல்லா இருக்கான்” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வகுப்பறைத் தரையில் மணலைக் கொட்டி, ஒரு சாண் அகலத்துக்கு அரசலாறு வெட்டினேன். மேற்கே திருநள்ளாறு. கிழக்கே கடலுக்குப் பதில் அம்மாவின் தாம்பாளம். இரு கரையிலும் உள்ளங்கை அகலத்துக்கு வயல்கள், அதில் நிஜ நாற்று. அதோடு விட்டிருக்கலாம். பிள்ளைகள் பாடத்தோடு ஒன்றட்டும் என்று ஆளுக்கு ஒரு வயல் பிரித்துக் கொடுத்தேன். அத்தனையும் விவசாய வீட்டுப் பிள்ளைகள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

இன்ஸ்பெக்டர் கோட்டும் வேட்டியுமாக வந்து, மடியில் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிரிக்கிற வழக்கம் இல்லாதவர். சரியாகப் பத்தேகாலுக்குக் குடத்தைச் சாய்த்தேன். ஆறு பிறந்தது.

யாரும் வியக்கவில்லை. மேற்கே முதல் வயல்காரனான ராமையன் இரண்டு கை மணலை அள்ளி ஆற்றின் குறுக்கே கொரம்பு போட்டு, தண்ணீர் முழுவதையும் தன் வயலுக்குத் திருப்பினான்.

“டேய், தொறந்து விடுறா!”

“எங்க வயலு ரொம்பட்டும், அப்பறம் வா.”

அடுத்தவன் அதை உடைத்துத் தன் பக்கம் ஒன்று போட்டான். தாம்பாளத்தருகே உட்கார்ந்திருந்த செல்லம்மாவின் வயலில் ஒரு சொட்டு இல்லை. “எம் பயிரு காயிது முசே!” என்று அவள் நிஜமாகவே அழுதாள். நாலு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் குறிப்பைப் பார்த்தேன். மௌனத்துக்கான நேரம் வந்திருந்தது.

“அமைதி! எல்லாரும் அழகப் பாருங்க!” என்று கத்தினேன்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

“மொற வெக்காம ஆத்துல தண்ணி விடலாமாய்யா? நானும் கடமடைக்காரந்தான். அந்தப் புள்ள வயித்தெரிச்சல் எனக்குத் தெரியும்” என்றபடி ராமையனின் கொரம்பை ஒரே உதையில் உடைத்தார்.

தேங்கிய தண்ணீர் மொத்தமும் கிளம்பியது. வயல், நாற்று, தாம்பாளம் எல்லாம் போக, தரையில் வைத்திருந்த என் பாடக்குறிப்பின் மூன்று நிறமும் ஒன்றாகி அவர் வேட்டி நுனியில் ஏறின. காதர் சாயபு போய் ஒரு கோணிச் சாக்கை எடுத்துவந்தார்.

பதிவேட்டில் இன்ஸ்பெக்டர் எழுதினார்: ‘மாணவர்களுக்கு ஆற்றை நன்றாகத் தெரிகிறது. ஆசிரியருக்கு மாணவர்களைத் தெரியவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம்.’

அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வருஷம்! சேதி எனக்கு முன்னால் திருநள்ளாறு போய்ச் சேர்ந்து, முகூர்த்தமும் ஒரு வருஷம் தள்ளிப்போனது. மறுவருஷம் அதே பாடம்தான், ஒரே மசி. தண்ணீர் விடுவதற்கு முன் பிள்ளைகளையே கூப்பிட்டு, யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை பேச வைத்தேன். செல்லம்மாவின் தம்பிதான் பஞ்சாயத்து. ‘திருப்தி’ கிடைத்தது, பெண்ணும் கிடைத்தாள்.

அவள் அந்த ஒரு வருஷத்தை மறக்கவில்லை. இன்றைக்கும் நான் யாரையாவது உட்கார வைத்து, எதையாவது எப்படி அழகாகச் செய்யலாம் என்று ஆரம்பித்தால், அடுப்படியிலிருந்தே குரல் வரும்.

“ஏங்க, அன்னிக்கு அந்த ரெண்டு நிமிஷ மௌனம் நடக்கவே இல்லல்ல? அத இப்ப நடத்துங்க.”